காட்டுக்கோழி இறகுக்குப் பதில் எது? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளை கட்டுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஃப்ளை என்பது கொக்கியில் இறகும் நூலும் சுற்றி, பூச்சி போலவோ சின்ன மீன் போலவோ கட்டும் தூண்டில் இரை. பழைய ஃப்ளை செய்முறை எதைப் பிரித்தாலும் முதல் வரியிலேயே கை தளர்ந்துவிடும். ஐரோப்பியக் கவுதாரியின் முதுகு இறகு, அமெரிக்க வுட் டக் வாத்தின் விலா இறகு, கோல்டன் ஃபெசன்ட்டின் கழுத்துப் பட்டை, காட்டுக்கோழியின் கழுத்தில் கண் போன்ற பொட்டுள்ள இறகு. ஓசூரிலோ காவேரிப்பட்டினத்திலோ உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எங்கே போய்த் தேடுவது என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு வழக்கமாக இரண்டு பதில்தான் கிடைக்கிறது. "வெளிநாட்டில் ஆர்டர் போடு" என்பது ஒன்று. "எந்த இறகானால் என்ன, மீனுக்கா தெரியப்போகிறது" என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி சரி, பாதி தப்பு. சில இறகுகளுக்குக் காசைக் கொட்டியே ஆக வேண்டும். சிலவற்றுக்குப் பக்கத்துத் தோப்பு வீட்டுக் கோழிக்கூண்டே போதும். எது எந்தப் பக்கம் என்று தெரியாமல்தான் பலர் தவறான இறகுக்குச் செலவழிக்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

பறவையின் பெயரை முதலில் மறந்துவிடுங்கள். அந்த இறகு தண்ணீரில் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: ஃப்ளையை மிதக்க வைப்பது, தண்ணீருக்குள் துடிப்பது, புள்ளியும் கோடும் காட்டுவது, அல்லது பார்க்க அழகாக இருப்பது. நான்காவது வேலை மீனுக்காக அல்ல, கட்டுகிறவருக்காக. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எந்த வேலைக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

வேலை தெரிந்த பிறகு பார்க்க வேண்டியவை இவை. சட்டம் அனுமதிக்கிறதா. இழை நீளம் உங்கள் கொக்கிக்குப் பொருந்துகிறதா. கழுவ, பூச்சியிலிருந்து காக்க, சாயமேற்ற எத்தனை நேரம் போகும். கடைசியாக, எங்கே தூண்டில் போடப்போகிறீர்கள். ஊட்டிப் பக்கம் குளிர்ந்த ஓடையில் டிரவுட்டுக்கா, நம் ஊர் ஏரியில் ஜிலேபிக்கும் கெண்டைக்குமா, அல்லது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா? இந்த மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

## சட்டம்: இங்கே பேரம் கிடையாது

இதை முதலிலேயே முடித்துவிடலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் இறகும் அந்தப் பறவையைப் போலத்தான். "நான் சுடவில்லை, கீழே கிடந்தது" என்பது பதில் ஆகாது. கவுதாரி, காட்டுக்காடை, மீன்கொத்தி, பனங்காடை, நாரை, கொக்கு எல்லாம் இதில் வரும். முன்பு தொல்லை தரும் உயிரினங்களின் பட்டியலில் கிடந்த காக்கைக்கும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பாதுகாப்பு உண்டு. எனவே கருப்பு இறகு வேண்டுமென்று காக்கைச் சிறகைப் பொறுக்காதீர்கள். கடக்நாத் கோழி இருக்கிறது.

மயிலுக்கு மட்டும் ஒரு விலக்கு: தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே அமெரிக்காவில் இருக்கும் நண்பருக்கு மயிலிழை வைத்துக் கட்டிய ஃப்ளையைப் பார்சல் போடுவதற்கு முன்னால் யோசியுங்கள். இறகோடு மான் முடியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் செய்முறைகளில் மான் முடி சர்வசாதாரணமாக வரும். இங்கே புள்ளிமான், கடமான் முடியை வைத்திருப்பதே வம்பு.

நம் பக்கத்தில் இது வெறும் ஏட்டுச் சட்டமும் அல்ல. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் கணிசமான பகுதி இவற்றுக்குள் வருகிறது. அங்கே இறகு பொறுக்குவதும் கூடாது. வனத்துறையைக் கேட்காமல் தூண்டில் போடுவதும் கூடாது.

இந்தக் காடுகளில் விடியற்காலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகைத்தான் உலகம் முழுக்க சால்மன் ஃப்ளை (சால்மன் மீனுக்கென்று பல நிற இறகுகளால் கட்டுவது) கட்டுகிறவர்கள் தேடுகிறார்கள். இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் காட்டில் வாழாத பறவை அது. வெளிநாட்டுக் கடைகளில் சட்டப்படி விற்கப்படும் இறகோ, இங்கிலாந்து போன்ற நாடுகளில் கூண்டில் வளர்த்த பறவைகளுடையது. பறவை இங்கே கூவுகிறது, இறகு அங்கிருந்து வர வேண்டும். கோபப்பட்டு ஆவது ஒன்றுமில்லை.

## ஒரே பார்வையில்

| செய்முறை கேட்பது | அதன் வேலை | இங்கே கிடைக்கும் மாற்று | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|
| டிரை ஃப்ளைக்கான (நீர்மேல் மிதக்கும் ஃப்ளை) சேவல் கழுத்து இறகு | மிதக்க வைப்பது | நாட்டுச் சேவல் | இறகு குட்டை, இழை நீளம்; சின்ன கொக்கிக்குச் சிரமம் |
| ஐரோப்பியக் கவுதாரி | துடிப்பு, புள்ளி | பண்ணைக் காடை, பழுப்பு நாட்டுப் பெட்டை | காடை இறகு பெரிய கொக்கிக்கு எட்டாது |
| வுட் டக் விலா | கோடு போட்ட இறக்கை | தேயிலையில் நனைத்த ஆண் வாத்து விலா இறகு | கோடு உள்ள வாத்தைத் தேட வேண்டும் |
| மராபு | துடிப்பு | வான்கோழிப் பஞ்சிறகு | வெள்ளை கிடைத்தால்தான் சாயம் பளிச்சென ஏறும் |
| நீல ஜே பறவை | புள்ளி, நிறம் | நீலச் சாயமேற்றிய கின்னிக்கோழி | பெரிய குறை இல்லை |
| ஃபெசன்ட் வால் | உடல் பகுதி | பழுப்பு வான்கோழி வால் | இழை சற்றுத் தடிமன் |
| காட்டுக்கோழிக் கண் | கண் போன்ற பொட்டு, அழகு | வார்னிஷ் பொட்டு வைத்த கருங்கோழி இறகு | காட்சிக்கு எடுபடாது |
| கோல்டன் ஃபெசன்ட் கழுத்துப் பட்டை | வால், அழகு | செவலைச் சேவல் இழை, அல்லது இறக்குமதி | கருப்பு வரி வராது |
| மயில் இழை | மினுங்கும் உடல் | மயில் இழையேதான் | சீக்கிரம் அறுந்துபோகும் |

## இறக்குமதிப் பாக்கெட்

காசு கொடுத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு என்றால் அது டிரை ஃப்ளைக்கான ஹேக்கிள். கொக்கியைச் சுற்றிச் சக்கரமாக நிற்கிற அந்தச் சேவல் இறகைச் சொல்கிறேன். அமெரிக்காவில் இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்படும் சேவல்கள் இருக்கின்றன. அவற்றின் முதுகு இறகு ஒரு சாணுக்குக் குறையாத நீளம். தண்டு மெல்லியது. இழைகள் அடி முதல் நுனி வரை கிட்டத்தட்ட ஒரே நீளம். ஒரே இறகில் பல ஃப்ளை கட்டிவிடலாம்.

நாட்டுச் சேவல் இறகைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் பாதிக்குப் பஞ்சு. மேலே போகப் போக இழை குறுகிக் கூராக முடியும். 14ஆம் எண் கொக்கிக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் இழை வேண்டும். அந்த அளவு, சேவலின் தலையை ஒட்டியுள்ள மிகச் சின்ன இறகுகளில்தான் கிடைக்கும். அவையோ இரண்டு சுற்றுக்குள் தீர்ந்துவிடும். இரண்டு மூன்று இறகுகளைச் சேர்த்துச் சுற்றினால் தலைப்பகுதி முண்டு கட்டும். ஃப்ளை மிதக்கும், ஆனால் சாய்ந்து மிதக்கும்.

1922இல் மிச்சிகனில் பிறந்த ஆடம்ஸ் ஃப்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். செவலை இறகையும் கருப்பு வெள்ளை வரி போட்ட இறகையும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால் கோணலாகிவிடும். டிரவுட்டுக்குச் சின்ன ஆடம்ஸ் கட்டப் போகிறீர்கள் என்றால் நாட்டுச் சேவலோடு மல்லுக்கட்டாமல் ஒரு செவலை, ஒரு வரி என்று இரண்டு பாக்கெட் வாங்கிவிடுங்கள். முழுக் கழுத்துத் தோல் வேண்டாம். அது பல ஆயிரம் ரூபாய். முதல் வருடத்தில் அதில் கால்வாசிகூடத் தீராது. குறிப்பிட்ட கொக்கி எண்ணுக்கென்று பிரித்து விற்கும் சின்ன பாக்கெட்டே போதும்.

மறைந்திருக்கும் செலவு பார்சலில்தான். இறகு விலங்குப் பொருள். சுங்கத்தில் நிறுத்தி என்ன பறவை, என்ன சான்று என்று கேட்கலாம். வரியும் அனுப்பும் கூலியும் சேர்ந்தால் சின்ன ஆர்டரின் விலை இரட்டிப்பாகிவிடும். முடிந்தால் உள்நாட்டிலேயே ஏற்கனவே இறக்குமதி செய்து விற்கிறவரிடம் வாங்குங்கள். விலை கூடுதலாகத் தெரிந்தாலும் கணக்குப் போட்டால் பெரும்பாலும் அதுதான் மலிவு.

## ஊர்ப் பண்ணை இறகு

நம் இரண்டு மாவட்டங்களின் பலம் இதுதான். தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்கிற ஃப்ளைகளுக்கு, அதாவது வெட் ஃப்ளை, நிம்ஃப், ஸ்ட்ரீமர் வகைகளுக்கு, ஊர் இறகு மாற்று என்ற பெயருக்கே தகாது. பல இடங்களில் அதுவே முதல் தரம்.

நாட்டுப் பெட்டை. மென்மையான, பஞ்சு நிறைந்த கழுத்து இறகு. டிரை ஃப்ளைக்கு எது குறையோ அதுவே வெட் ஃப்ளைக்கு வேண்டியது: தண்ணீரை உறிஞ்சி, ஓட்டத்தில் மடங்கி விரியும். பழுப்பில் கருப்புப் புள்ளி உள்ள பெட்டையின் முதுகு இறகு, பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு என்ற வட இங்கிலாந்து ஃப்ளைக்குக் கச்சிதம். அந்த ஃப்ளையில் ஆரஞ்சு பட்டு நூலும் ஒரே ஒரு இறகும்தான். வேறு எதுவும் கிடையாது. முதன்முதலாகக் கட்டுகிறவர் இதில் தொடங்கலாம்.

பண்ணைக் காடை. ஜப்பானியக் காடையைத்தான் சொல்கிறேன், காட்டுக்காடையை அல்ல. நெஞ்சிலும் முதுகிலும் உள்ள புள்ளி இறகு ஐரோப்பியக் கவுதாரிக்கு மிக நெருக்கம். ஆனால் இறகே குட்டி. 14ஆம் எண்ணுக்கும் அதைவிடச் சின்ன கொக்கிக்கும் சரி. பெரியதற்குப் பெட்டைக்கோழிக்கே திரும்ப வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டால் கவுதாரிக் கவலை முடிந்தது.

கின்னிக்கோழி. சாம்பலில் வெள்ளைப் பொட்டு. சால்மன் ஃப்ளைகளில் தொண்டைப் பகுதிக்கு இது மாற்று இல்லை, அசலே இதுதான். மாந்தோப்பு வீடுகளில் ஆள் நடமாட்டத்துக்குக் கத்தும் என்று வளர்க்கிறார்கள். இரவில் அடையும் மரத்தடியில் காலையில் போய்ப் பார்த்தால் உதிர்ந்த இறகு கிடக்கும். சும்மா கேட்டாலே கொடுத்துவிடுவார்கள்.

வான்கோழி. மராபு என்ற பெயரில் கடையில் விற்பது பெரும்பாலும் வான்கோழியின் பஞ்சிறகுதான். ஒரு காலத்தில் மராபு நாரையிலிருந்து வந்தது. அந்த இடத்தை வான்கோழி எப்போதோ பிடித்துவிட்டது. வூலி பக்கர் என்ற ஸ்ட்ரீமர் ஃப்ளையின் வாலுக்குத் தொடைப் பக்கமும் வாலடியிலும் உள்ள நீண்ட பஞ்சிறகை எடுங்கள். நனைந்தால் மெல்லிய இழையாக ஒடுங்கி, இழுத்து நிறுத்தும்போது விரியும். விராலுக்கு இதைவிட நல்ல வால் எனக்குத் தெரியாது. ஊரில் அதிகம் கிடைப்பது கருப்பும் வெண்கல நிறமும். கருப்பு வூலி பக்கருக்குச் சாயமே வேண்டாம். வால் இறகின் பழுப்பு இழை, இங்கிலாந்தின் ஏவன் ஆற்றங்கரையில் ஃபிராங்க் சாயர் கட்டிய ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃபுக்கு நல்ல மாற்று. அதற்கு வேண்டிய மெல்லிய செப்புக் கம்பி, மோட்டார் காயில் கட்டும் கடையில் கழிவாகவே கிடைக்கும்.

வாத்து. வெள்ளை வாத்தின் சிறகு, பழைய வெட் ஃப்ளைகளின் வெள்ளை இறக்கைக்கு. காட்டு நிறம் மாறாத ஆண் வாத்து கிடைத்தால் அதன் விலா இறகில் மெல்லிய சாம்பல் கோடு இருக்கும். கெட்டித் தேநீரில் ஊறவைத்தால் வுட் டக் நிறத்துக்குப் பக்கத்தில் வரும். அந்த எலுமிச்சை மஞ்சள் அப்படியே வராது. துளி மஞ்சள் தூள் சேர்த்தால் நெருங்கும், ஆனால் வெயிலில் வெளுக்கும். வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள சின்னப் பஞ்சிறகைத் தூக்கி எறியாதீர்கள். கடையில் சிடிசி என்று தனி விலைக்கு விற்பது அதுதான். சின்ன டிரை ஃப்ளையை மிதக்க வைக்கும். அதை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். எண்ணெய் போனால் வேலையில் பாதி போய்விடும்.

பிராய்லரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். ஆறு வாரத்தில் வெட்டுகிற கோழி, இறகே முற்றியிருக்காது. முட்டைப் பண்ணையிலிருந்து கழித்து விற்கும் வெள்ளைக் கோழி வேறு கதை. முற்றிய வெள்ளை இறகு, எந்தச் சாயமும் ஏறும்.

எங்கே தேடுவது? வாரச்சந்தையில் கோழி விற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். வான்கோழி, கின்னிக்கோழி, காடை வளர்க்கிறவர்கள் யார் என்று விசாரிக்க ஓசூர் மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரியும் நல்ல இடம். கறிக்கடையில் வாங்குவதானால் ஒன்று கவனியுங்கள்: வெந்நீரில் முக்கி, டிரம்மில் போட்டு இறகு எடுத்த கோழி உங்களுக்கு உதவாது. "அண்ணா, வெந்நில முக்கறதுக்கு முன்னாடி கழுத்துத் தோலை மட்டும் இறகோட உரிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஒரு மாதிரிப் பார்ப்பார். அடுத்த முறை அவரே எடுத்து வைத்திருப்பார். முனியப்பனுக்குச் சேவல் அறுக்கிற நாட்களில் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தாலும் நல்ல செவலைக் கழுத்து வரும்.

### இலவச இறகின் செலவு

காசு இல்லை என்பதால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். கழுத்துத் தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பை மழுங்கிய கத்தியால் சுரண்டி, அட்டையில் இறகு கீழ்ப்பக்கமாக விரித்து ஊசி குத்தி, தோலில் வெங்காரப் பொடி தேய்த்து நிழலில் காயவிட வேண்டும். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். நடுவில் எறும்பு வரும், பூனை வரும்.

காய்ந்த பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசி மறுபடி உலர்த்துங்கள். பிறகு காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் சில நாள், வெளியே ஒரு நாள், மறுபடி ஃப்ரீசரில் சில நாள். முதல் குளிரில் தப்பிய பூச்சி முட்டை வெளியே பொரித்தால் இரண்டாவது குளிரில் சாகும். இதைச் செய்யாமல் புது இறகைப் பழைய பெட்டியில் சேர்த்தால், அந்துப்பூச்சியும் வண்டுப் புழுவும் விலை கொடுத்து வாங்கிய பாக்கெட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். அந்துருண்டை போடலாம், ஆனால் கண்ணாடி போலத் தெரியும் மலிவு பிளாஸ்டிக் பெட்டியில் வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும்.

வீட்டில் ஃப்ரீசர் யாருடைய ஆட்சியில் இருக்கிறது என்பதும் ஒரு செலவுதான். முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

செத்துக் கிடந்த கோழியின் இறகு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். பறவைக் காய்ச்சல் செய்தி வருகிற சமயத்தில் புது இறகு சேர்ப்பதையே நிறுத்திவையுங்கள்.

## சாயமும் வார்னிஷும்

ஸ்கார்லெட் ஐபிஸ், மீன்கொத்தி, அன்னம் என்று வரும் பழைய பெயர்களில் பெரும்பாலானவை வெறும் நிறம். வெள்ளை வாத்து, வெள்ளைக் கோழி, வான்கோழிச் சிறகு ஆகியவற்றில் சாயமேற்றினால் தீர்ந்துவிடும். இதில் நமக்கு ஒரு வசதி. இறகும் புரதம், பட்டும் புரதம். பட்டு நூலுக்குப் போடும் அமிலச் சாயம் இறகிலும் அப்படியே பிடிக்கும். பருத்திச் சாயம் சரியாகப் பிடிக்காது. பட்டுச் சாயப் பட்டறையோடு பழக்கம் உள்ள யாரையாவது பிடித்துச் சிட்டிகைச் சாயம் வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும். அது இல்லாவிட்டால் கேசரிப் பவுடரும் வினிகரும்கூட வேலை செய்யும்.

இறகை முதலில் சோப்பு நீரில் நன்றாக நனைத்து எண்ணெய் போக்குங்கள். வாத்து இறகுக்கு இது இரண்டு தடவை. சூடான தண்ணீர் போதும், கொதிக்கக் கூடாது. கொதித்தால் இழை சுருண்டு தண்டு வளையும். ஈரத்தில் தெரியும் நிறத்தைவிடக் காய்ந்த நிறம் வெளிறித் தெரியும் என்பதால் ஒரு படி கூடுதலாகவே ஏற்றுங்கள்.

பட்டு என்றதும் இன்னொன்று. பழைய செய்முறைகள் கேட்கும் பட்டு நூலுக்கு வெளியே தேட வேண்டாம். தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. கச்சாப் பட்டு கிடைத்தால் அதன் பசையைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்துப் போக்கிவிட்டுச் சாயமேற்றுங்கள். பசையோடு இருந்தால் விறைப்பாக நிற்கும்.

இனி காட்டுக்கோழிக் கண். அசல் இறகில் நுனி இழைகள் ஒன்றாக ஒட்டி, மெழுகு பூசியது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் பொட்டாகியிருக்கும். சின்ன மீனின் கண் போலத் தெரியும். இதை ஊர் இறகில் போலி செய்ய, கருங்கோழியின் சின்னக் கழுத்து இறகை எடுத்து, முதலில் நீர்த்த வார்னிஷை இரு விரலால் தடவி இழைகளை ஒட்டிக் குறுக்குங்கள். அது முழுவதும் காய்ந்த பிறகுதான் பல் குத்தும் குச்சியால் வெள்ளை நெயில் பாலிஷ் பொட்டு, அதன் கீழே சின்னதாக மஞ்சள் பொட்டு. வார்னிஷ் காயாமல் பொட்டு வைத்தால் நிறம் இழை வழியாக ஓடி நட்சத்திரம் போலப் பரவிவிடும். தண்ணீரில் நன்றாகவே தாங்கும், அசலைவிடக் கெட்டி. அசல் கண் பல்லில் பட்டால் நடுவில் பிளந்துவிடும். கண்காட்சிக்கு மட்டும் இது எடுபடாது. ஒரு முழம் தள்ளி நின்றாலே தெரிந்துவிடும்.

காட்சிக்கான சால்மன் ஃப்ளை கட்டுகிறவர்களிடம் சாயமேற்றிய மாற்றையே வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. சிலவற்றை ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் சேகரித்திருந்தார். திருடியவர் ஃப்ளை கட்டுகிற ஒரு இசை மாணவர். அவரிடம் வாங்கியவர்களில் பலரும் ஃப்ளை கட்டுகிறவர்களே. அசல்தான் வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு ஒரு சந்தை இருந்ததால் நடந்தது அது. பழைய பெட்டியிலிருந்து அரிய இறகு மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

## செயற்கை இழை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இறக்கைக்கு நல்லது, துடிப்புக்குச் சுமார், ஹேக்கிளுக்கு ஆகாது. மான் முடிக்குப் பதிலாக பாலிபுரொப்பிலீன் கயிற்றின் புரியைப் பிரித்துச் சீவிப் பயன்படுத்தலாம். அது தண்ணீரைவிட எடை குறைந்தது, மிதக்கும். அக்ரிலிக் கம்பளி நூல் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் மூழ்கும். கடையில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மயில் இழைக்குப் பதிலாகப் பச்சை மினுமினுப்பு டப்பிங் (நூலில் முறுக்கி உடல் கட்டும் பஞ்சு இழை) விற்கிறார்கள். வெளிநாட்டில் அது நியாயம். வயலில் மயில் மேயும் ஊரில் இருந்துகொண்டு அதை வாங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை, ஃப்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் தவிர.

## ஒரு ஃப்ளையைப் பிரித்துப் பார்த்தால்

ராயல் கோச்மேனை எடுத்துக்கொள்வோம். 1878இல் நியூயார்க்கில் ஜான் ஹெய்லி கட்டியது. மயில் இழை உடல் சீக்கிரம் அறுந்துபோகிறது என்று நடுவில் சிவப்புப் பட்டைச் சுற்றினார். ஆக, அந்த அழகான சிவப்புப் பட்டையே ஒரு பழுதுபார்ப்பு வேலைதான்.

மயில் இழை: உதிர்ந்த தோகையிலிருந்து. கண் பொட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள இழைதான் தடிமனும் மினுமினுப்பும் உள்ளது. அடித் தண்டுப் பக்கம் சோகையாக இருக்கும். இழையை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றினால் அறுவது குறையும். சிவப்புப் பட்டு: ஊர்ப் பட்டு, ஊர்ச் சாயம். இறக்கை: வெள்ளை வாத்துச் சிறகு. இடச் சிறகில் ஒரு துண்டு, வலச் சிறகில் ஒரு துண்டு எடுக்க வேண்டும், ஒரே பக்கத்தில் எடுத்தால் இறக்கை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். கழுத்தில் செவலை ஹேக்கிள்: வெட் ஃப்ளையாகக் கட்டினால் நாட்டுப் பெட்டை, மிதக்க வேண்டுமென்றால் இறக்குமதி. மிச்சம் வால். கோல்டன் ஃபெசன்ட்டின் ஆரஞ்சும் கருப்புமான இழை. அதற்குச் செவலைச் சேவல் இழை நாலைந்து வைத்தால் போதும். கருப்பு வரி வேண்டுமென்று மனசு கேட்கவில்லை என்றால் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு.

## யாருக்கு எது

கிருஷ்ணகிரி அணையின் கீழ்ப்பக்கம், தென்பெண்ணை, ஊர் ஏரி என்று ஜிலேபிக்கும் கெண்டைக்கும் விராலுக்கும் போகிறவர் இறக்குமதிப் பக்கமே போக வேண்டாம். அணையிலும் ஏரியிலும் குத்தகை இருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு பழுப்புப் பெட்டை, ஒரு கருப்பு வான்கோழி, கின்னிக்கோழி இறகு ஒரு கைப்பிடி, உதிர்ந்த மயில் தோகை இரண்டு. இதில் ஒரு வருடம் ஓடும். கலங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் துடிப்பும் நிழலும்தான் பேசும். சாயத்தின் நுணுக்கம் அங்கே எடுபடாது.

நீலகிரியில் டிரவுட்டுக்குப் போகிறவர், அதுவும் அனுமதி வாங்கி டிரை ஃப்ளை போடுகிறவர், முன்பு சொன்ன இரண்டு பாக்கெட் ஹேக்கிளை வாங்கட்டும். மற்ற எல்லாவற்றையும் ஊரிலேயே முடிக்கலாம். வாத்தின் பஞ்சிறகு ஃப்ளையில் நல்ல பழக்கம் வந்துவிட்டால் அந்த இரண்டு பாக்கெட்டும்கூட மெதுவாகத்தான் தீரும்.

சுவரில் மாட்டக் கட்டுகிறவர்தான் அதிகம் செலவழிப்பார். கோல்டன் ஃபெசன்ட் பண்ணைப் பறவை, உலகெங்கும் வளர்க்கிறார்கள். அதன் தலையும் கழுத்தும் பில்லோடு வாங்கிக்கொள்ளலாம். காட்டுக்கோழிக் கண்ணை வாங்குவதானால் கூண்டில் வளர்த்தது என்ற சான்றோடு வந்தாலும், இந்தியாவில் அதை வைத்திருப்பது பற்றி வன அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய வடிவங்களில் பலவற்றில் கண் இல்லாமலே இறக்கை முழுமையாகத் தெரியும். அதற்கான இடத்தில் கின்னிக்கோழிப் பொட்டு இறகு ஒன்றை வைத்தால் கோடும் சரியாக விழும்.

ஃப்ளையை விற்கிறவர் மட்டும் ஒன்று கூடுதலாகச் செய்ய வேண்டும். எந்த இறகு எந்தப் பறவையுடையது என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள்: "கழுத்து: நாட்டுப் பெட்டை. வால்: வான்கோழி. கண்: வார்னிஷ்." வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான், சோதனைக்கு வருகிற வன அலுவலர் கேட்பதும் அதுதான்.